சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிய வாசகர்களிடமிருந்து வீட்டுப் பாதுகாப்புக்கான ரைஃபிள் பற்றிக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

டெக்சஸில் டவுன்ஹவுஸ். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான். ரைஃபிள் குண்டு சுவரைத் துளைத்துப் போய்விடும், அதனால் ஷாட்கன் வாங்கு என்கிறார் நண்பர். சரியா?
*– வாசகர், ப்ளானோ*

பாதி சரி, பாதி பழங்கதை. அமெரிக்க வீட்டின் உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ட்ரைவால், அதாவது ஜிப்சம் பலகை. நம்மூர் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். ஆளைத் தடுக்கும் சக்தியுள்ள எந்தக் குண்டும் இந்தச் சுவரைத் தாண்டும். 9 மி.மீ. பிஸ்டல் குண்டும், ஷாட்கனின் பெரிய ரவையான டபுள்-ஆட் பக்‌ஷாட்டும் அடுத்தடுத்துப் பல சுவர்களைத் துளைக்கும். ஏ.ஆர்-15 வகை ரைஃபிளின் 5.56 மி.மீ. குண்டு எடை குறைந்தது, வேகம் மிகுந்தது. ட்ரைவாலில் பட்டதும் நிலைகுலைந்து புரளும், உடையும், அதனால் சக்தியைச் சீக்கிரம் இழக்கும். 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மென்முனைக் குண்டு பிஸ்டல் குண்டைவிடக் குறைந்த தூரமே போவதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 'குறைவு' என்றால் 'ஆபத்தில்லை' என்று பொருளல்ல. இரண்டு சுவர் தாண்டியும் அது உயிரை எடுக்கும். பறவை வேட்டைக்கான சிறு ரவைத் தோட்டா அத்தனை சுவர்களைத் தாண்டாது, உடம்புக்குள்ளும் ஆழமாகப் போகாது.

ஆகவே முதல் வேலை கடைக்குப் போவதல்ல. இரவில் நீங்கள் நிற்கப்போகும் இடத்தில், பெரும்பாலும் படுக்கையறை வாசலில், பகலில் போய் நில்லுங்கள். மாடிப்படி எந்தத் திசையில்? குழந்தை படுக்கும் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி? பக்கத்து வீட்டார் தலை வைத்துப் படுப்பது எங்கே? சுடவே கூடாத திசைகளை ஒரு தாளில் குறியுங்கள். நிற்கும் இடத்தை இரண்டடி தள்ளினாலே குண்டின் பாதை பக்கத்து வீட்டுக்குப் பதிலாக வெளிப்புறச் செங்கல் முகப்பை நோக்கித் திரும்பலாம். சுடக்கூடிய திசை ஒன்றுகூட இல்லையென்றால் உங்களுக்கு ரைஃபிளைவிட உறுதியான கதவும், நல்ல பூட்டும், 911-ம் முக்கியம்.

ரைஃபிளுக்கு இரு கை வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய வீட்டில் பிஸ்டலுக்கு நியாயம் உண்டு. சத்தமும் பெரிது: 5.56 ரைஃபிள் 160 டெசிபலைத் தாண்டும். காதுக்கு நிரந்தரக் கேடு 140-லேயே தொடங்கிவிடும். மூடிய அறையில் ஒரே வெடியில் வாழ்நாள் முழுக்கக் காதில் இரைச்சல் தங்கிவிடலாம். மெல்லிய பேச்சைப் பெருக்கி, வெடிச்சத்தத்தைத் தடுக்கும் எலக்ட்ரானிக் காதுக்கவசம் ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள்.

எச்-1பி விசா. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்கிறேன். குடியுரிமை பெற்ற நண்பர் தன் பெயரில் வாங்கித் தந்தால் வைத்துக்கொள்ளலாமா?
*– வாசகர், ஓஹாயோ*

கூடவே கூடாது. கடையில் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கும். நண்பர் 'ஆம்' என்று எழுதினால் அவர் குற்றவாளி. எச்-1பி, எச்-4, எஃப்-1, பி-2 போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. 15 ஆண்டு வரை சிறை, கூடவே நாடு கடத்தல். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு அனுமதி ஆகியிருந்தாலும் நிலைமை இதுதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்றாலும், வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

ஊரிலிருந்து பி-2 சுற்றுலா விசாவில் வந்த அப்பாவைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதுவும் இதே தடைக்குள்தான் வரும்.

முதல் ஏ.ஆர்-15 வாங்கப்போகிறேன். குழல் நீளம், காலிபர், ட்விஸ்ட் என்று தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
*– வாசகர், ஜார்ஜியா*

குழலில் பொறித்திருக்கும் காலிபரை, அதாவது எந்தத் தோட்டா போடலாம் என்பதை, முதலில் படியுங்கள். '5.56' என்றோ '.223 வைல்டு' என்றோ இருந்தால் 5.56, .223 இரண்டு தோட்டாவும் போடலாம். வெறும் '.223 ரெமிங்டன்' என்றிருந்தால் .223 மட்டும்தான். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் .223 சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) 5.56 தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் கூடி, தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமர் பிதுங்கலாம். இன்னொரு எமன் .300 பிளாக்அவுட் என்னும் வேறு காலிபர் தோட்டா. அதே மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) உட்காரும், சில குண்டுகளோடு 5.56 சேம்பருக்குள்ளும் நுழைந்துவிடும். சுட்டால் ரைஃபிள் கையிலேயே வெடிக்கும். ஒரே வீட்டில் இரண்டு காலிபரும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வைத்தே தீருவேன் என்பவர் மேகசின்களின் நிறத்தையாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

குழல் நீளம் 16 அங்குலம் எடுங்கள். தோள்கட்டை உள்ள ரைஃபிளில் அதற்குக் குறைந்தால் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். முதல் துப்பாக்கிக்கே அந்தத் தலைவலி எதற்கு? ட்விஸ்ட், அதாவது குழலின் உள்வரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்பது, 1:7 அல்லது 1:8 இருந்தால் 55 கிரெய்ன் முதல் 77 கிரெய்ன் வரை எல்லாக் குண்டும் நேராகப் போகும். 1:9 குழலுக்குக் கனமான குண்டு ஒத்துவராமல் போகலாம்.

கடையில் அனுமதி கேட்டு இரண்டு இடத்தை உற்றுப் பாருங்கள். சேம்பரை மூடும் போல்ட்டைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியரின் மேலே குழாய்போல நீட்டிக்கொண்டிருப்பது கேஸ் கீ. அதன் இரண்டு திருகுகளைச் சுற்றியுள்ள உலோகம் உளியால் நசுக்கி உள்ளே தள்ளப்பட்டிருக்க வேண்டும். தோள்கட்டைக்கு முன்னால் உள்ள கோட்டை வடிவ நட்டிலும் அதே நசுக்கல் இருக்க வேண்டும். இவை இல்லாத துப்பாக்கி சில நூறு தோட்டாவுக்குப் பிறகு தானாகத் தளரலாம். தயாரிப்பாளர் அக்கறையோடு செய்தாரா என்பதற்கு விளம்பரத்தைவிட இந்த உளித்தடம் நல்ல சாட்சி.

அடிப்படை மாடல் போதும். மிச்சக் காசு டார்ச்சுக்கும், பூட்டுப் பெட்டிக்கும், பயிற்சித் தோட்டாவுக்கும் போகட்டும். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே மேகசினுக்கு 10 தோட்டாதான் உச்சவரம்பு, ஏ.ஆர் வடிவத்துக்கும் கடும் கட்டுப்பாடு. நியூ ஜெர்சியில் ரைஃபிள் வாங்கவே தனி அடையாள அட்டை வேண்டும். டெக்சஸ் யூடியூபரைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் சைட்) வாங்கினேன். புள்ளி வட்டமாக இல்லை, மத்தாப்புப்போலச் சிதறுகிறது. பொருளில் கோளாறா? ஜீரோ செய்வது எப்படி?
*– வாசகர், நார்த் கரோலைனா*

சைட்டின் கண்ணாடி வழியே புள்ளியை செல்போனில் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் பொருள் நல்லது, கோளாறு உங்கள் கண்ணில்: ஆஸ்டிக்மாட்டிசம். வெளிச்ச அளவைக் குறைத்துப் பாருங்கள், மூக்குக்கண்ணாடி போட்டுப் பாருங்கள். அப்படியும் சிதறினால் பிரிசம் சைட்டுக்கு மாறுங்கள். அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருப்பதால் சிதறாது, பேட்டரி செத்தாலும் கறுப்பாகத் தெரியும். கண்ணுக்கும் சைட்டுக்கும் இடைவெளி மட்டும் ஓரளவு சரியாக இருக்க வேண்டும். 1 முதல் 6 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப் வயல்வெளிக்கு நல்லது. கூடத்தின் நீளம் பத்து கஜம்கூட இல்லாத வீட்டில் அது வெறும் எடை.

ஜீரோ என்பது சைட்டின் புள்ளியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி திருகுவது; அதற்கு 50 கஜம் எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் மணல்மூட்டை வைத்துத் துப்பாக்கியை அசையாமல் தாங்குங்கள். முதலில் 25 கஜத்தில் மூன்று குண்டு. மூன்றின் நடுப்புள்ளியைப் பாருங்கள், ஒவ்வொரு குண்டையும் துரத்தாதீர்கள். பல ரெட் டாட்களில் ஒரு கிளிக் அரை எம்.ஓ.ஏ.; ஓர் எம்.ஓ.ஏ. 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். அதாவது 25 கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 8 கிளிக், 50 கஜத்தில் 4 கிளிக். திருகில் உள்ள அம்பு குண்டு நகரும் திசை. புள்ளி நகரும் திசையல்ல. பாதிப் பேர் இங்கேதான் தடுமாறித் தோட்டாவை வீணடிக்கிறார்கள். 25 கஜத்தில் குறிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே விழும்படி கொண்டுவந்துவிட்டு 50 கஜத்துக்குப் போய் முடியுங்கள். 55 கிரெய்ன் குண்டு அதற்கப்பால் சற்று மேலேறி, 200 கஜத்தைத் தாண்டி மறுபடி குறியைச் சந்திக்கும்.

வீட்டுக்குள் முக்கியமான சங்கதி இதற்கு நேர்மாறானது. ஏ.ஆரில் சைட் குழலுக்கு ஏறக்குறைய 2.6 அங்குலம் மேலே இருக்கிறது. ஏழு கஜத்தில் புள்ளியை எங்கே வைக்கிறீர்களோ, அதற்கு இரண்டேகால் அங்குலம் கீழேதான் குண்டு படும். அதைவிடப் பெரிய வம்பு: மேசை விளிம்பு, மாடிக் கைப்பிடி, கதவு நிலை இவற்றின் மறைவிலிருந்து பார்த்தால் சைட்டுக்கு எதிரே ஒன்றும் தடையில்லை, குழலுக்கு எதிரே மரம் இருக்கும். காலித் துப்பாக்கியோடு பகலில் ஒருமுறை சோதித்தால் உடனே புரியும்.

மவுண்ட் திருகுகளை முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கூட வந்த தாளில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். பிறகு திருகுத் தலையையும் மவுண்ட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது, ஜீரோவும் போயிருக்கும். சி.ஆர்.2032 பேட்டரியைச் சாகும் வரை காத்திருக்காமல் வருடம் ஒருமுறை பொங்கலன்று மாற்றிவிடுங்கள். குழந்தைகள் வாயில் போடாமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் சில சைட்டுகளில் மின்தொடர்பு கொடுக்காது. போட்டதும் எரிகிறதா என்று பாருங்கள்.

லேசர் பொருத்தலாமா?
*– வாசகி, சிகாகோ புறநகர்*

வேண்டாம். டார்ச் பொருத்துங்கள். இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மாமனாரா என்று லேசர் சொல்லாது. ரைஃபிளில் 600 முதல் 1,000 லூமென் போதும். அதற்கு மேல் வெள்ளைச் சுவரில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். கையில் இன்னொரு சாதாரண டார்ச்சும் வேண்டும். துப்பாக்கியில் உள்ள டார்ச்சால் ஆளைத் தேடினால், வீட்டார் மேல் துப்பாக்கியை நீட்டுகிறீர்கள் என்று பொருள்.

ஹூஸ்டனில் புழுக்கம். தோட்டாப் பெட்டிகளை பரணில் வைத்திருக்கிறேன். எத்தனை வருடம் தாங்கும்? பச்சை முனை உள்ளதுதான் நல்லது என்கிறார்கள்.
*– வாசகர், சுகர்லேண்ட்*

பரணிலிருந்து இன்றே இறக்குங்கள். டெக்சஸ் கோடையில் பரண் அடுப்பாகக் கொதிக்கும், வெடிமருந்து கெடும். ஏ.சி. ஓடும் அறையின் அலமாரி, ரப்பர் வளையமுள்ள இரும்புத் தோட்டாப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை. இப்படி வைத்தால் ஆலைத் தோட்டா பல பத்தாண்டுகள் தாங்கும்.

பச்சை முனை என்பது எம்855. 62 கிரெய்ன், உள்ளே எஃகு ஊசி. அது போர்க்களத்துக்கானது. வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை. பல ரேஞ்சுகளும் அனுமதிப்பதில்லை. காந்தத்தை நீட்டிச் சோதிப்பார்கள். பயிற்சிக்கு மலிவான 55 கிரெய்ன் போதும். வீட்டு மேகசினுக்கு விரியும் வகைக் குண்டு. சதைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் போவதையே எஃப்.பி.ஐ. அளவுகோலாக வைத்திருக்கிறது. பெட்டி விளம்பரத்தைவிட, உங்கள் துப்பாக்கியில் அது சிக்காமல் ஓடுகிறதா என்பதே பெரிது. எதைத் தேர்ந்தாலும் அதில் நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்த்து, அதே தோட்டாவில் ஜீரோவையும் சரிபாருங்கள். மலிவுத் தோட்டாவில் செய்த ஜீரோ கனமான குண்டுக்கு நகர்ந்திருக்கலாம்.

இன்னொன்று. ஏ.ஆரில் பிரைமரை இடிக்கும் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது. தோட்டா சேம்பரில் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பின் முன்னால் வந்து பிரைமரை லேசாகத் தொட்டு, சிறு பருக்குழி போல ஒரு தடம் விடும். ஒன்றிரண்டு தடவையால் ஒன்றுமில்லை. வாராவாரம் அதே தோட்டாவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் பிரைமரும் கெடும், குண்டும் கூட்டுக்குள் அமுங்கும். ஏற்றி இறக்கிய தோட்டாவில் பேனாவால் கோடு போடுங்கள்; இரண்டு கோடு ஆனதும் பயிற்சிப் பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள். மேகசினை நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்பது வீண் பயம். தேய்வது அமுக்கி விடுவதால்தான். 30 தோட்டா மேகசினில் 28 போடுங்கள், போல்ட் மூடியிருக்கும்போது எளிதாக மாட்டும்.

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைச் சுத்தம் செய்து வைக்கிறோம். தேங்காய் எண்ணெய் போடலாமா? தையல் மிஷின் எண்ணெய்?
*– வாசகி, டாம்பா*

தேங்காய் எண்ணெய் தலைக்கு. 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும், நாளானால் பிசினாகும், போல்ட் ஒட்டிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், ஆனால் மெல்லியது, சூட்டில் சீக்கிரம் காயும். டபிள்யூ.டி-40 ஈரம் விரட்ட மட்டும். வழுக்கலும் நிற்காது, தோட்டாவில் பட்டால் பிரைமருக்குள் கசியலாம். சி.எல்.பி. என்று விற்கும் துப்பாக்கி எண்ணெய் ஒரு சிறு புட்டி வருடக்கணக்கில் வரும். வருடம் ஒருமுறை முழுச் சுத்தத்துக்கு ஆயுத பூஜை நல்ல நாள்தான். சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மேல் இருக்கட்டும், உள்ளே தூள் போக வேண்டாம்.

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை இழுத்து நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். போல்ட்டை மூடிவிட்டு, துப்பாக்கி உடலின் பின்பக்கத்தில் உள்ள பின்னை இடமிருந்து வலமாகத் தள்ளினால் துப்பாக்கி மடங்கும். போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் சார்ஜிங் கைப்பிடியை இழுத்து போல்ட் கேரியரை எடுங்கள். அதன் இடப்பக்கத்தில் ஹேர்பின் போன்ற ஒரு பின். அதை உருவினால் ஃபயரிங் பின் கையில் விழும். போல்ட்டை உள்ளே அமுக்கி, போல்ட்டைத் திருப்பிப் பூட்டும் கேம் பின்னைக் கால் சுற்றுத் திருப்பித் தூக்கினால் போல்ட் வெளியே வரும். கரியைத் துணியால் துடையுங்கள். போல்ட்டின் வாலில் படியும் கரியைச் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. குழலைச் சேம்பர் பக்கத்திலிருந்து சுத்தம் செய்யுங்கள். முனையிலிருந்து கம்பியை விட்டால் முனைவாய் தேயும், குறி கெடும்.

மாட்டும்போது இரண்டு தவறு உயிரோடு விளையாடும். முதலாவது, கேம் பின்னை மறப்பது: போல்ட் பூட்டாமலே சுடும், ரைஃபிள் சிதறும். இரண்டாவது, ஹேர்பின்னை ஃபயரிங் பின்னுக்கு முன்பே செருகிவிடுவது. மாட்டி முடித்ததும் போல்ட் முகம் மேலே பார்க்கக் கேரியரைப் பிடித்துக் குலுக்குங்கள்; ஃபயரிங் பின் பின்னால் நழுவினால் மறுபடி கழற்ற வேண்டும். பிறகு கேரியரை, போல்ட் நீண்ட நிலையில், போல்ட் முகத்தின் மேல் நிறுத்துங்கள். தன் எடையாலேயே கேரியர் கீழே இறங்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள மூன்று கேஸ் வளையங்களும் தேய்ந்துவிட்டன. சில டாலர் சமாச்சாரம்.

எண்ணெய்: கேரியர் உரசும் விளிம்புகளில், போல்ட் பற்களில், கேம் பின்னில் ஒரு பூச்சு. வலப்பக்கத்து இரு துளைகளில் ஒவ்வொரு சொட்டு. ஃபயரிங் பின், சேம்பர், குழலின் உள்பக்கம் காய்ந்திருக்கட்டும். கையுறை போடுங்கள். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் வைத்துக் கை கழுவுங்கள், ஈயத்தூள் இருக்கும். சமையல் மேடையில் இந்த வேலை வேண்டாம்.

மேகசின் காலியான பிறகும் போல்ட் பின்னால் நிற்பதில்லை. சுட்ட தோட்டாவின் கூடு பலவீனமாகப் பக்கத்திலேயே விழுகிறது.
*– வாசகர், அரிசோனா*

போல்ட்டைப் பின்னால் தள்ளும் வாயு போதவில்லை, அல்லது உரசல் அதிகம். மலிவான வழியிலிருந்து தொடங்குங்கள். முதலில் எண்ணெய். பிறகு வேறு மேகசின், பிறகு வேறு தோட்டா. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்கள், போல்ட் நிற்க வேண்டும். அப்படியும் இல்லையென்றால் கேஸ் கீ ஆடுகிறதா, வளையம் தேய்ந்ததா, குழல்மேல் வாயுவைப் பிரித்தெடுக்கும் கேஸ் பிளாக்கைச் சுற்றிப் புதுக் கரி கசிந்திருக்கிறதா. யாராவது தோள்கட்டைக் குழாய்க்குள் கனமான பஃபர் (போல்ட் கேரியரைத் தாங்கும் எடை) போட்டிருந்தால் பழையதை மாட்டுங்கள். சுடும்போது 'பட்' என்று சத்தம் குறைந்து கேட்டால் மட்டும் இதெல்லாம் வேண்டாம். அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா குழலைப் பிளக்கும்.

வீட்டில் ஏழு வயதுப் பையன். அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார். சுடத் தயாராகவும் இருக்க வேண்டும், பூட்டியும் இருக்க வேண்டும். எப்படி?
*– வாசகி, ஆஸ்டின்*

சுவர்ச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய, எண் பொத்தானில் திறக்கும் பெட்டி. கைரேகை மட்டும் நம்பும் பெட்டி ஈரக்கையில் மக்கர் செய்யும். எண் பிறந்தநாளாக இருக்கக் கூடாது; ஏழு வயதுக்கு அது தெரியும். டெக்சஸில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி அலட்சியத்தால் 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்குப் போனால், வைத்தவர் மேல் குற்றம். அம்மா பி-2வில் வருகிறார் என்றால் எண்ணை அவரிடமும் சொல்ல வேண்டாம்.

பெட்டிக்குள்: சேம்பர் காலி, போல்ட் மூடியது, நிரம்பிய மேகசின் மாட்டியது. எடுத்ததும் சார்ஜிங் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் தயார். இதில் பலரைக் குழப்புவது சேஃப்டி, அதாவது விசையைப் பூட்டும் நெம்பு. ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹேமர் இறங்கியிருந்தால் ஏ.ஆரில் சேஃப்டி 'சேஃப்' பக்கம் திரும்பாது. பழுதல்ல, அமைப்பே அப்படி. இழுத்து ஏற்றிய உடனே திருப்ப வேண்டும். இந்த வரிசையைக் காலி மேகசினோடு, இருட்டில், விரல் விசைக்கு வெளியே வைத்து இருபது தடவை செய்யுங்கள்.

ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பேக்பேக்கையே சென்னைப் பயணத்துக்கும் எடுத்துப் போகலாமா?
*– வாசகர், டாலஸ்*

வேண்டாம். பையின் தையல் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தால் போதும். சென்னை விமான நிலையத்தில் எக்ஸ்ரே அதைக் காட்டும், ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வழக்கு வரும். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து மீளலாம். அதற்குள் விடுமுறை முடிந்து, வேலையும் கேள்விக்குறியாகிவிடும். ரேஞ்சுப் பை தனி, அதுவும் காரின் பின்பெட்டியை விட்டு வீட்டுக்குள் வரக் கூடாது. ஏற்கெனவே கலந்துவிட்டதென்றால் புதுப் பை வாங்குங்கள். ஜாக்கெட் பைகளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.